பேட்டரிக்குள் எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது: கடையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் திங்கள்சந்தையில் என் மாமா பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். படித்தது வேதியியல், பிழைப்பு வேறு என்றாலும் சாயங்காலம் அங்கே போய் உட்காருவது எனக்குப் பல வருடப் பழக்கம். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேட்டரி வாங்க வருவதில்லை, "இதுக்குள்ள எதையாவது போட்டு உயிர் கொடுக்க முடியுமா" என்று கேட்கத்தான் வருகிறார்கள். அதே சந்தேகம், அதே பதில். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைக்கிறேன். எல்லாமே ஈயமும் ஆசிட்டும் உள்ள பேட்டரியைப் பற்றியது, லித்தியம் வேறு கதை.

ஈயமும் ஆசிட்டும் தானே இருக்கு, இதுல எப்படி கரண்ட் வருது?

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள், ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். ஒவ்வொரு அறையிலும் நெகட்டிவ் பிளேட்டில் பஞ்சு மாதிரி நுண்துளை உள்ள ஈயம், பாசிட்டிவ் பிளேட்டில் சாக்லேட் நிறத்தில் ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். பல்பை எரியவிட்டால் நெகட்டிவில் உள்ள ஈயம் எலக்ட்ரானைக் கம்பி வழியாக அனுப்பிவிட்டுக் கரைசலில் இறங்குகிறது, இறங்கிய வேகத்திலேயே அமிலத்தில் இருக்கும் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு ஈய சல்பேட்டாக அதே பிளேட்டில் படிந்துவிடுகிறது. மறுபக்கம் ஈய டை ஆக்சைடு அந்த எலக்ட்ரானை வாங்கி, அதுவும் ஈய சல்பேட் ஆகிறது, கூடவே தண்ணீர் உண்டாகிறது. சார்ஜ் போட்டால் எல்லாம் தலைகீழாக நடக்கும். பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர் 1859-இல் செய்த பேட்டரியிலும் இதேதான், இன்று உங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருப்பதிலும் இதேதான்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள், பின்னால் எல்லாப் பதிலுக்கும் தேவைப்படும். ஈயம் கரைகிறது, பிறகு படிகிறது. எவ்வளவு பொடியாகப் படிகிறது, எங்கே படிகிறது, திரும்ப எவ்வளவு சுலபமாகக் கரைகிறது என்பதில்தான் கலப்புப் பொருள்களின் வேலை முழுவதும் இருக்கிறது.

அப்போ சல்பேட் வர்றது சாதாரணம்தானா? மெக்கானிக் "சல்பேஷன் ஆயிப்போச்சு"ன்னு வியாதி மாதிரி சொல்றாரே?

சல்பேட் வருவது வியாதி இல்லை, அது வராவிட்டால் கரண்டே இல்லை. வியாதி அது கிடந்து முற்றுவது. சீனியும் பனங்கற்கண்டும் இரண்டும் சர்க்கரைதான், ஆனால் சீனி தண்ணீரில் நொடியில் கரையும், கற்கண்டைப் போட்டால் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். புதிதாகப் படிந்த ஈய சல்பேட் சீனி மாதிரி. பேட்டரியை இறக்கிவிட்டு வாரக்கணக்கில் சார்ஜ் போடாமல் வைத்தால் பொடிப் படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களின் மேல் போய் ஒட்டி, எல்லாம் கற்கண்டு ஆகிவிடும். அதன் மேற்பரப்பு குறைவு, கரைவதும் மெதுவு, அதனால் சார்ஜர் தள்ளும் கரண்ட் அதன் மேல் வேலை செய்யாமல் தண்ணீரைப் பிரித்துக் குமிழியாக்குவதில் போய்விடுகிறது.

சுத்தமான ஈயம் போட்டு பிளேட் செஞ்சா நல்லதுதானே, எதுக்கு கம்பெனிக்காரன் வேற சாமான் கலக்குறான்?

இதைக் கலப்படம் என்று நினைத்துக்கொண்டு கேட்பவர்கள் நிறைய. சுத்த ஈயம் மட்டும் போட்ட நெகட்டிவ் பிளேட் ஆரம்பத்தில் நன்றாக இருக்கும், ஆனால் சார்ஜ் ஏற ஏற இறங்க இறங்க அந்தப் பஞ்சு கட்டி தட்டிப்போகும். நுண்துளைகள் அடைந்தால் அமிலம் உள்ளே போகாது, கொள்ளளவு சீக்கிரமே சரியும்.

அதைத் தடுக்கத்தான் பிளேட்டில் பூசும் ஈயப் பசையைக் குழைக்கும்போதே மூன்று பொருள்களைச் சேர்க்கிறார்கள். பேரியம் சல்பேட், லிக்னோசல்ஃபோனேட் என்ற மரச்சாறு, கார்பன் கரி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலும் மொத்த எடையில் ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். பேரியம் சல்பேட்டின் படிக அமைப்பு ஈய சல்பேட்டின் அமைப்பை அப்படியே ஒத்தது, அதனால் ஈய சல்பேட் உருவாகும்போது அதையே வித்தாக வைத்து ஆயிரக்கணக்கான இடங்களில் பொடிப்பொடியாக முளைக்கிறது. வித்து நிறைய இருந்தால் கற்கண்டு ஆகாது, சீனியாகவே இருக்கும். கரி, கரண்ட் ஓட வழி கொடுக்கிறது: ஈய சல்பேட் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் முழுக்க இறங்கிய பிளேட்டில் சார்ஜ் ஆரம்பிக்கவே இந்த உதவி வேண்டும்.

மரச்சாறா? சும்மா சொல்லாதீங்க அண்ணே.

உண்மைதான், எனக்கு இந்த விஷயத்திலேயே ரொம்பப் பிடித்த பகுதி இது. பழைய காலத்தில் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க நடுவில் மெல்லிய மரப்பலகை வைத்தார்கள். பிறகு அதைவிட உறுதியான ரப்பர் தகடு வந்ததும் மரத்தை எடுத்துவிட்டு அதை வைத்தார்கள். எல்லோரும் பேட்டரி இன்னும் நாள் உழைக்கும் என்று நினைத்தால், நெகட்டிவ் பிளேட் சீக்கிரமே சோர்ந்துபோனது. தேடிப் பார்த்ததில், மரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தில் ஊறி வந்த லிக்னின்தான் அதுவரை யாருக்கும் தெரியாமல் பிளேட்டைக் காப்பாற்றி வந்தது தெரிந்தது. அதிலிருந்துதான் அந்தச் சாறைப் பிரித்தெடுத்து வேண்டுமென்றே பசையில் கலக்கும் வழக்கம் வந்தது.

லிக்னோசல்ஃபோனேட் ஈயத்தின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஈய சல்பேட் ஒரே அடைத்த தோலாக ஈயத்தை மூடாமல், துளையோடு தளர்வாகப் படியும்படி அது பார்த்துக்கொள்கிறது. சார்ஜ் ஏறும்போதும் ஈயம் கட்டியாகாமல் பஞ்சாகவே வளர்கிறது. இதற்கு ஆகாதது சூடு. பேட்டரி அதிகம் சூடேறினால் இது சிதைந்து கரைசலில் போய்விடும், அதனால் தகரக் கூரை ஷெட்டில் வெயில் படும்படி பேட்டரியை வைப்பவர்களை மாமா திட்டுவதில் அர்த்தம் இருக்கிறது.

அப்போ இதே மூணையும் பாசிட்டிவ் பிளேட்லயும் போட்டா டபுள் பலன் கிடைக்காதா?

நல்ல கேள்வி, கேட்டது ஒரு பாலிடெக்னிக் பையன். பதில்: கிடைக்காது, கெடும். பாசிட்டிவில் இருக்கும் ஈய டை ஆக்சைடு பலமான ஆக்சிஜனேற்றி, தன்மேல் படும் கரிமப் பொருளை எரித்துவிடும். மரச்சாறு அங்கே நிற்காது, கரியும் மெல்ல மெல்லக் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். பேரியம் சல்பேட்டோ பாசிட்டிவ் பசையை இளக்கி உதிர வைக்கும். நெகட்டிவில் எந்தக் குணம் நல்லதோ, அதே குணம் இங்கே கெடுதல்: பொடியாக, தளர்வாக என்பது நெகட்டிவுக்கு வேண்டும், பாசிட்டிவுக்கு வேண்டியது துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்வது.

ஆகவே "இந்தப் பொருள் பேட்டரிக்கு நல்லதா" என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டிருக்கிறீர்கள். எந்த பிளேட்டுக்கு என்று கேட்க வேண்டும். மூடியைத் திறந்து ஊற்றுவது எதுவானாலும் இரண்டு பிளேட்டுக்கும் போகும், பிளேட் பார்த்து ஊற்ற வழி கிடையாது.

ஆன்டிமனி பேட்டரி நல்லதா, கால்சியம் பேட்டரி நல்லதா? கடைக்குக் கடை மாத்தி மாத்திச் சொல்றாங்க.

பசையைத் தாங்கும் கம்பிச்சட்டம் சுத்த ஈயத்தில் செய்தால் வளைந்துவிடும், அவ்வளவு மென்மை. அதனால் ஆன்டிமனி கலந்தார்கள், பழைய நாளில் 5 சதவீதத்துக்கு மேலேயே. அது சட்டத்தை உறுதியாக்கியது மட்டுமில்லை, பாசிட்டிவ் பசை சட்டத்தோடும் தனக்குள்ளேயும் ஒட்டி நிற்கவும் உதவியது. ஆழமாக இறக்கி ஏற்றும் பேட்டரிக்கு ஆன்டிமனி அருமை.

தொல்லை என்னவென்றால் ஆன்டிமனி பாசிட்டிவிலேயே உட்கார்ந்திருக்காது. சட்டம் அரிக்க அரிக்கக் கரைந்து வெளியே வந்து நெகட்டிவ் பிளேட்டில் போய்ப் படியும். இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பிரிக்கக் கணக்குப்படி 1.23 வோல்ட் போதும், ஆனால் நம் அறை 2 வோல்ட்டில் நிற்கிறது. அப்படியானால் தண்ணீர் எப்போதோ வாயுவாகப் போயிருக்க வேண்டும். போகாததற்குக் காரணம், ஈயத்தின் மேல் ஹைட்ரஜன் உருவாவது மகா சோம்பேறித்தனமாக நடக்கும். அந்தச் சோம்பலை நம்பித்தான் இந்த பேட்டரியே பிழைக்கிறது. ஆன்டிமனியின் மேல் அந்தச் சோம்பல் இல்லை, ஹைட்ரஜன் சுறுசுறுப்பாகக் கிளம்பும். அதனால்தான் பழைய பேட்டரிக்கு அடிக்கடி தண்ணீர் குறைகிறது, வயசாக ஆக இன்னும் அதிகமாகக் குறைகிறது.

கால்சியம் 0.1 சதவீதத்துக்கும் குறைவாகச் சேர்த்தாலே சட்டம் உறுதியாகும், நெகட்டிவுக்குப் போய்த் தொல்லையும் தராது. தண்ணீர் ஊற்ற வேண்டாத கார் பேட்டரி இப்படி வந்ததுதான். ஆனால் முதலில் கால்சியத்தை மட்டும் போட்டு ஆழமாக இறக்கும் வேலைக்கு விட்டபோது கொள்ளளவு திடீரென்று சரிந்தது, ஆன்டிமனி பாசிட்டிவில் செய்த நல்லது அது போன பிறகுதான் தெரிந்தது. இப்போது வெள்ளீயம் சேர்த்து அந்தக் குறையைக் குறைக்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டருக்கு ஆன்டிமனி குறைவாக உள்ள டியூபுலர் (பாசிட்டிவ் பிளேட் குழாய் குழாயாக இருக்கும் வகை) என்பது என் அபிப்பிராயம். தண்ணீர் பார்க்கச் சோம்பல் என்றால் வாங்காதீர்கள்.

சோலாருக்கு "கார்பன் பேட்டரி"ன்னு விலை கூட வச்சு விக்கிறாங்களே, பேருக்குத்தானா?

பேருக்கு மட்டும் இல்லை. மழைக்காலத்தில் நம் மாவட்டத்து சோலார் எப்படி ஓடும் என்று யோசியுங்கள், இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர். பேட்டரி நாள்கணக்கில் முழுசாக ஏறாமல் பாதியிலேயே தொங்கும். அப்போது நெகட்டிவில் சல்பேட் மிச்சம் சேர்ந்துகொண்டே போகும். வழக்கமான அளவைவிட அதிகமாகவும், தேர்ந்தெடுத்த வகையிலும் கார்பன் போட்டால் கரண்ட் ஓடும் பரப்பு கூடுகிறது, படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகாமல் நடுவில் கார்பன் துகள் நிற்கிறது. எந்தக் காரணம் எவ்வளவு என்று ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் வாதாடுகிறார்கள், ஆனால் பலன் இருப்பதில் சண்டை இல்லை. பதிலுக்குக் கொடுக்கும் விலை: கார்பன் மேலும் ஹைட்ரஜன் கிளம்பும், தண்ணீர் செலவு கூடலாம். முழு நாளும் மின்வாரிய சார்ஜில் நிற்கும் இன்வெர்ட்டருக்கு இதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை.

பேட்டரிக்குக் கெணத்து வெள்ளம் ஊத்துனா என்ன, நாங்க குடிக்கிற வெள்ளமாக்கும்?

குடிக்க நல்லது வேறு, பேட்டரிக்கு நல்லது வேறு. நான் இதைப் படித்த பிறகும் செய்தவன், அதனால் யாரையும் திட்டமாட்டேன். கல்லூரி முடித்த வருடம், பேட்டரித் தண்ணீர் வாங்கக் கடைக்குப் போகச் சோம்பல்பட்டு எங்கள் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு செம்பு ஊற்றிவிட்டேன். செம்மண் பூமி, அந்தத் தண்ணீரில் துவைத்த வெள்ளை வேட்டி ஓரம் பழுப்பேறும், அதைப் பார்த்தும் புத்தி வரவில்லை. சில மாதத்தில் ராத்திரி முழுசாக ஏறிய பேட்டரி சும்மா வைத்தாலே இறங்க ஆரம்பித்தது.

காரணம் இரும்பு. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு மாதிரி அது. நெகட்டிவ் பிளேட்டில் ஓர் எலக்ட்ரானை ஏற்றிக்கொள்ளும், நீந்திப்போய் பாசிட்டிவில் இறக்கிவிடும், காலியாகத் திரும்பும், மறுபடி ஏற்றும். கம்பி வழியாகப் போக வேண்டியது உள்ளேயே கள்ளத்தனமாகப் போய்விடுகிறது. இரும்பு இதில் செலவாவதே இல்லை, அதனால் துளி இருந்தாலும் அலுக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். கடற்கரைப் பக்கத்துக் கிணறு என்றால் இரும்போடு குளோரைடும் சேரும், அது பாசிட்டிவ் பிளேட்டின் சட்டத்தை அரிக்கும்.

ஆர்ஓ தண்ணி ஊத்தலாமா? மீட்டர் வச்சுப் பார்த்தா 40தான் காட்டுது.

மீட்டர் எவ்வளவு உப்பு என்று சொல்லும், எந்த உப்பு என்று சொல்லாது. அந்த 40-இல் கால்சியம் இருந்தால் பெரிய நஷ்டமில்லை, குளோரைடு இருந்தால் நஷ்டம். போதாததற்குப் பல ஆர்ஓ மெஷினில் ருசிக்காகத் தாதுவைத் திரும்பச் சேர்க்கிறார்கள். முக்கியமாக, பேட்டரியிலிருந்து போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் 40, 40 என்று சேர்ந்துகொண்டே போகும்.

ஏசில சொட்டுற தண்ணி, மழைத்தண்ணி இதெல்லாம் காய்ச்சி வடிச்சது மாதிரிதானே?

வானத்திலிருந்து வரும்வரை, குளிர்ந்து சொட்டும்வரை சரி. ஏசி தண்ணீர் செம்புக் குழாய், அலுமினியத் தகடு, அதில் ஒட்டிய தூசி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு வருகிறது. செம்பு நெகட்டிவில் படிந்தால் மேலே ஆன்டிமனிக்குச் சொன்ன அதே கதை. நம் ஊர் மழை ஓட்டிலும் காரையிலும் விழுந்து, உப்புக்காற்று படிந்ததைக் கழுவி இறங்குகிறது. ஒக்கி புயல் சமயத்தில் வேறு வழியில்லாமல் வெட்டவெளியில் பாத்திரம் வைத்துப் பிடித்து ஊற்றியதாக ஒருவர் சொன்னார், பிளேட் காய்ந்து கிடப்பதற்கு அது பரவாயில்லை. வழக்கமாக வேண்டாம். பேட்டரித் தண்ணீர் விலை என்ன, பேட்டரி விலை என்ன.

வள்ளத்துல வச்ச பேட்டரிக்குள்ள கடல்தண்ணி போயிட்டு. ஆசிட்டை மாத்துனா சரியாகுமா?

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கத்து ஆள்கள் இதைக் கேட்பார்கள். முதலில் அந்த பேட்டரியை மூடிய இடத்தில் வைத்து சார்ஜ் போடாதீர்கள். பாசிட்டிவ் பிளேட்டில் குளோரைடு குளோரின் வாயுவாக மாறும், மூக்கில் ஏறினால் நுரையீரலைப் பிடிக்கும். நீர்மூழ்கிக் கப்பலில் பேட்டரி அறைக்குள் கடல்நீர் புகுந்தால் மாலுமிகள் பயந்தது இதற்குத்தான். துளி தெறித்திருந்தால் கொஞ்ச நாள் ஓடலாம், நிறையப் போயிருந்தால் பழைய பேட்டரிக்கு என்ன விலை கிடைக்குமோ வாங்கிவிடுங்கள்.

தண்ணி குறைஞ்சா கொஞ்சம் ஆசிட் ஊத்துனா பவர் கூடாதா?

கூடாது. மேலே சொன்னபடி குறைந்தது தண்ணீர், ஆசிட் அங்கேயேதான் இருக்கிறது. ஹைட்ரோமீட்டர் (ஆசிட்டின் அடர்த்தியை மிதவை வைத்துக் காட்டும் கருவி) அளவு குறைவாகக் காட்டினால் அந்த ஆசிட் தொலைந்துபோகவில்லை, சல்பேட்டாக பிளேட்டில் உட்கார்ந்திருக்கிறது, சார்ஜ் போட்டுத்தான் அதை வெளியே கொண்டுவர வேண்டும். மேலும் மேலும் ஆசிட் ஊற்றினால் பிளேட்டின் சட்டம் வேகமாக அரிக்கும். குளிர்நாடுகளில் முழு சார்ஜில் அந்த அளவை 1.280 வரை வைப்பார்கள், நம்மைப் போன்ற வெப்பப் பகுதிக்கு 1.240 பக்கத்தில் வைப்பதே சட்டம் அரிக்கக்கூடாது என்றுதான்.

வீடியோவில் எப்சம் சால்ட் போட்டு செத்த பேட்டரியை எழுப்புறாங்களே?

இது புதுசே இல்லை. அமெரிக்காவில் ஜெஸ் ரிச்சி என்பவர் ஏ.டி.எக்ஸ்-2 என்று ஒரு பொடி விற்றார், அதில் இருந்தது பெரும்பாலும் சோடியம் சல்பேட்டும் மெக்னீசியம் சல்பேட்டும். பின்னதுதான் உங்கள் எப்சம் சால்ட். அந்நாட்டு அரசின் தர நிர்ணய ஆய்வகம் சோதித்துப் பயனில்லை என்றது. வாங்கியவர்களோ "எங்களுக்கு வேலை செய்கிறது" என்று கடிதம் எழுதினார்கள். விவகாரம் அரசியலாகி 1953-இல் ஆய்வகத் தலைவர் ஆலன் ஆஸ்டினைப் பதவி விலகச் சொல்லும் அளவுக்குப் போனது. விஞ்ஞானிகள் கொதித்தெழுந்தார்கள், அவர் தொடர்ந்தார், தேசிய அறிவியல் கழகத்தின் குழுவும் பொடிக்கு மதிப்பில்லை என்று அதே வருடம் சொன்னது.

பின்னே அந்தக் கடிதங்கள்? பொடியைப் போட்டதும் மெதுவாக நீண்ட நேரம் சார்ஜ் போடச் சொல்வார்கள். அந்த நீண்ட சார்ஜே பல பேட்டரியை ஓரளவு மீட்கும், பொடி போடாவிட்டாலும் மீட்டிருக்கும். வேதியியல்படி பார்த்தாலும் ஈய சல்பேட்டைக் கரைக்க சல்பேட்டைச் சேர்ப்பது தலைகீழ். கரைசலில் சல்பேட் கூடினால் ஈய சல்பேட் கரைவது குறையும்.

அப்படின்னா கம்பெனிக்காரனே சில பேட்டரியில சோடியம் சல்பேட் போடுறானே? மாட்டிக்கிட்டீங்களா?

மாட்டவில்லை, நான் இப்போது சொன்னதே அதற்குக் காரணம். பேட்டரியை அடிமட்டம்வரை இறக்கினால் அமிலம் முழுவதும் தீர்ந்து உள்ளே வெறும் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். வெறும் தண்ணீரில் ஈய சல்பேட் கொஞ்சம் கூடுதலாகக் கரையும். கரைந்த ஈயம் பிளேட்டுகளுக்கு நடுவில் இருக்கும் தடுப்புக்குள் ஊறி நிற்கும், திரும்ப சார்ஜ் போடும்போது அங்கேயே ஈய முடியாக வளர்ந்து இரண்டு பிளேட்டையும் தொட்டுவிடும். உள்ளேயே ஷார்ட், அறை காலி. சோடியம் சல்பேட் இருந்தால் அமிலம் தீர்ந்தாலும் சல்பேட் மிச்சம் இருக்கும், ஈயம் கரைவது மட்டுப்படும்.

அதாவது இது வருமுன் காப்பது, மூடிய வகை பேட்டரிகளில் தயாரிக்கும்போதே அளவோடு போடுவது. வந்த சல்பேஷனை எடுக்க இது உதவாது.

ஈடிடிஏ பவுடர்? அது ஈயத்தையே பிடிச்சு இழுக்குமாமே?

இழுக்கும், உடம்பில் ஈயம் ஏறினால் மருத்துவர்கள் அதன் ஒரு வகையைத்தான் கொடுக்கிறார்கள். பேட்டரியில் என்ன சிக்கல் என்றால் அதற்குக் கெட்ட சல்பேட், நல்ல சல்பேட் என்று தெரியாது, ஈயத்தை எங்கே பார்த்தாலும் பிடிக்கும். அமிலம் பலமாக இருக்கும் இடத்தில் அதன் பிடியும் தளர்வு. பாசிட்டிவ் பிளேட்டுக்கு வந்தால் மரச்சாறுக்கு நேர்ந்த கதிதான், எரிந்துபோகும். ஆசிட்டை முழுக்க வடித்துவிட்டு, இதில் ஊறவைத்து, கழுவி, புது ஆசிட் ஊற்றி என்று ஒரு முறை சொல்கிறார்கள். வீட்டில் செய்தால் அந்தக் கழுவிய ஈயத் தண்ணீர் எங்கே போகும்? வாய்க்காலுக்குத்தான். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே செய்யாதீர்கள். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் பழைய பேட்டரியை முறையாகத் திரும்பக் கொடுக்கத்தான் சொல்கின்றன.

ஆஸ்பிரின் மாத்திரை, சமையல் சோடா, ரப்பர் ஷீட்டுக்கு ஊத்துற ஆசிட்...

மூன்றும் கேட்டிருக்கிறேன். ஆஸ்பிரின் அமிலத்தில் உடைந்து அசிட்டிக் அமிலத்தைத் தரும், அது பாசிட்டிவ் சட்டத்தை அரிக்கும், வண்டி ஒரு தடவை கிளம்பலாம், பிறகு பேட்டரிக்குக் கும்பிடு. சமையல் சோடா ஆசிட்டையே கொன்றுவிடும். அதை வெளியே டெர்மினலில் பூத்த பொடியைக் கழுவ மட்டும், மூடிகளை இறுக அடைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். ரப்பர் பால் உறைய ஊற்றுவது ஃபார்மிக் அமிலம், கந்தக அமிலம் அல்ல. இரண்டும் கேனில் வருகிறது என்பதைத் தவிர உறவில்லை.

பாஸ்பரிக் ஆசிட் கொஞ்சம் சேர்த்தா ஆயுசு கூடும்னு ஒரு பழைய மெக்கானிக் சொன்னார்.

அவர் சும்மா சொல்லவில்லை. பாஸ்பரிக் அமிலம் பாசிட்டிவ் பசை இளகி உதிர்வதைக் குறைக்கும், சில ஜெல் பேட்டரிகளில் சிறிதளவு சேர்க்கவே செய்கிறார்கள். ஆனால் சும்மா கிடைப்பதில்லை, ஆரம்பக் கொள்ளளவு கொஞ்சம் குறையும். ஏற்கெனவே சோர்ந்த பேட்டரியில் இருப்பதையும் குறைத்துக்கொள்வானேன். உதிர்ந்த பசை அடியில் சேறாகக் கிடக்கிறது, அது எதை ஊற்றினாலும் மேலே ஏறி வந்து ஒட்டாது.

2017 ஒக்கி புயல்ல நாள்கணக்கா கரண்ட் இல்ல. பேட்டரி அடியோட இறங்கிப் போச்சு. திரும்ப அப்படி ஆனா என்ன செய்ய?

அந்த டிசம்பரில் கடையில் கூட்டம் தாங்கவில்லை. பேட்டரி இறங்கியது குற்றமில்லை, இறங்கியபடியே கிடந்த நாள்கள்தான் கற்கண்டு வளர்ந்த நாள்கள். ஆகவே முதலில் செய்ய வேண்டியது இன்வெர்ட்டரை அணைத்து, பேட்டரி கடைசிச் சொட்டுவரை போகாமல் நிறுத்துவது. கரண்ட் வந்ததும் தண்ணீர் பிளேட்டுக்கு மேலே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள், முழு மட்டத்துக்கு நிரப்பாதீர்கள், சார்ஜ் ஏறும்போது மட்டம் உயரும். குறைந்த கரண்டில் மெதுவாக, தேவைப்பட்டால் ஒரு நாளுக்கு மேலும் ஏற்றுங்கள். கடைசியில் எல்லா அறையிலும் ஒரே மாதிரி குமிழி வரும்வரை விட்டால், கீழே தேங்கிய கனமான ஆசிட்டும் மேலே நிற்கும் லேசான ஆசிட்டும் கலந்துவிடும். ஜன்னல் திறந்திருக்கட்டும், வருவது ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். இதற்கு மேல் பலிக்கிற மருந்தை நான் பார்த்ததில்லை.

சரி, நான் ஏதோ பவுடர் போட்டுட்டேன். ஹைட்ரோமீட்டர் 1.180-ல இருந்து 1.210 ஆச்சு. வேலை செஞ்சிட்டுன்னு தானே அர்த்தம்?

ஹைட்ரோமீட்டருக்கு ஆசிட் எது, உப்பு எது என்று தெரியாது. உப்பைக் கரைத்தால் எந்தத் தண்ணீரிலும் மிதவை மேலே வரும், கஞ்சியில் போட்டாலும் வரும். போடுவதற்கு முன்னால் அந்த அளவு உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது, இனிமேல் அந்த பேட்டரியில் அதை நம்ப முடியாது. முழுசாக ஏற்றி, ஒரு நாள் சும்மா வைத்து, வீட்டில் இரண்டு ஃபேனும் நான்கு விளக்கும் போட்டு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் பாருங்கள். அடுத்த மாதம் அதே இரண்டு ஃபேன், அதே நான்கு விளக்கு. நேரம் குறைந்திருந்தால் பேட்டரியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள், பவுடர் பாக்கெட்டையும் சேர்த்து. மாமா அப்படிப்பட்ட பாக்கெட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார், கேட்பவர்களுக்குக் காட்ட.